மாசி இரவில் தப்பும் ரதியும்

இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தப்பு என்னும் பறைக்கு இரண்டு வேலை இருந்தது. விடியுமுன் லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகளை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு ஆள் சேர்ப்பது ஒன்று. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் ரதி, மன்மதனுக்கு அடிப்பது மற்றது. முதல் தப்புக்கு இலக்கியத்தில் இடம் கிடைத்துவிட்டது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழில் தந்த நெடுங்கவிதை அந்த விடியற்கால ஓசையோடுதான் தொடங்குகிறது. இரவுத் தப்போ கூத்தோடு கூத்தாகவே இருந்துவிட்டது.

திருச்சி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடந்தே வந்தார்கள். பதுளை இருக்கும் ஊவாவுக்குப் போக வேண்டியவர்களுக்கு அதற்கப்புறமும் மலை ஏறவேண்டியிருந்தது. ரயில் பண்டாரவளையைத் தொட்டது 1894இல். பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இல்தான். 1869இல் தலைகாட்டிய இலை நோய் கோப்பியைத் தின்றது, தேயிலை வந்தது, லிப்டன் 1890இல் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். இத்தனைக்கும் நடுவில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு மூன்றும் ஆள் பிடித்த கங்காணியின் கணக்கில் ஏறாத சாமான்களாக வந்து சேர்ந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகை என்றால் காமனாகிய மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று லாவணியில் வாதாடுவார்கள். மலையகத்தில் அந்த வாதத்தைவிட ஆட்டமும் அழுகையுமே கனத்தன.

மாசி அமாவாசை கழிந்ததும் கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் கொண்டு கம்பம் ஊன்றுவார்கள். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வரும் காலம் அது; குளிர் இருக்கும், ஆனால் திறந்த வெளியில் ஆடலாம். அன்றிலிருந்து பௌர்ணமி வரை ஒவ்வோர் இரவும் பாட்டும் ஆட்டமும். ரதி வேடம் ஆணுக்குத்தான். கவ்வாத்துக் கத்தி பிடித்த கையில் வளையல் ஏறும். கிரீடம், வண்ணத்தாள் ஒட்டிய தோள்கட்டை, சேலை, விரதம். ரதியும் மதனும் லய வாசல்களில் நின்று ஆட, வீட்டுப் பெண்கள் காணிக்கை போடுவார்கள். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொள்பவர்களும் உண்டு. விடிய விடிய ஆடியவனும் காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, விழாது. ஆக, ராத்திரி மன்மதனாக ஆடியவனை அதே தப்புதான் விடியலில் வேலைக்கு அழைத்தது.

தப்புக்கும் பாட்டுக்கும் உள்ள உறவை ஓர் ஒப்பீட்டால் சொல்லலாம். நியூயோர்க்கின் பிராட்வே இசைநாடகத்தில் வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடத்துநரின் கைக்கோலுக்குப் பாடகர், வாத்தியம் இரண்டுமே கட்டுப்பட்டவை. ஏ. ஆர். ரகுமானின் 'பாம்பே டிரீம்ஸ்' 2004இல் அங்கே போனபோதும் அந்தக் கட்டுக்குள்தான் போனது. காமன் பொட்டலில் கைக்கோல் கிடையாது. தப்புக்காரர் பாடுபவரின் முகத்துக்கு எதிரே, அதே மண்ணில் நிற்பார். வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி முறுக்கேற்றியிருப்பார். ரதி மதன் வரவுக்கு ஓர் அடி, வீரபத்திரன் வரவுக்கு வேறோர் அடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் வருகிறார் என்று தெரிந்துவிடும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மன்றாடும் கட்டத்தில் தப்பு அடங்கிக் குரலுக்கு வழிவிடும். வீரபத்திரன் இறங்கும்போது குரல் தப்புக்குள் மூழ்கிப்போகும். சன்னதம் வந்தவரை நாலைந்து பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மைக் இல்லாமல், பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், ஒரு மலைச்சரிவு முழுதுக்கும் கேட்கிற மாதிரி பாடிய தொண்டைகள் அவை. பயிற்சி கொடுத்தவர் வாத்தியார். அவர் பாட்டு ஏடு என்று ஒரு கொப்பி வைத்திருந்தால் அது பெரிய சொத்து.

இந்தப் பெருமைக்குள் ஒரு முள்ளும் இருக்கிறது. தப்பு அடிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட ஊழியமாகவே கப்பலேறி வந்தது. கூத்தில் அதே கை ராசாவாக இருந்தது, சாவு வீட்டில் அதே கையை ஒதுக்கி நிறுத்தினார்கள். பிள்ளைகள் தப்பைத் தொட மறுத்ததற்கு நவீன மோகத்தைக் குறை சொல்வது எளிது, ஆனால் அது நியாயமில்லை.

பிறகு அரசியல் வந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்ளவும் கணக்குப் போட்டது. தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்கள் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். கூத்து என்பது ஒரு ஆள் போனாலும் நொண்டுகிற கலை. ஆடத் தெரிந்தவர் இந்தியக் கரையில் மண்டபம் முகாமிலும், அடிக்கத் தெரிந்தவர் ஹப்புத்தளையிலுமாகப் பிரிந்தால் என்ன மிஞ்சும்? சி. வி. தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வந்தது. பாட்டின் சொல்லைக் காப்பாற்ற அது உதவும். எந்த வரியில் தப்பு அடங்க வேண்டும் என்பதை அச்சில் ஏற்ற முடியாது.

இன்றும் கூத்து அற்றுப்போகவில்லை. தப்பை இளைஞர்கள் மீண்டும் மேடைக்குக் கொண்டுவருகிறார்கள், சாவுக்கு அடிக்க மாட்டோம் என்ற நிபந்தனையோடு எடுப்பவர்களும் உண்டு. காமனுக்கு இன்னொரு அனுகூலம், அவன் எரிவது பௌர்ணமியில். இலங்கையில் அன்று போயா விடுமுறை. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பையன்களுக்கு லீவு கேட்க வேண்டியதில்லை. முதல் நாள் ராத்திரி பஸ் பிடித்தால் போதும்.