சஹனும் சொல்லுரிமையும்

சென்ற மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு நிக்காஹ் விருந்துக்குப் போயிருந்தோம். ஆளுக்கொரு தட்டை ஏந்தி வரிசையில் நின்று, வேண்டியதை வாங்கிக்கொண்டு, இடம் கிடைத்த மேசையில் அமர்ந்து உண்ணும் ஏற்பாடு. ஜும்ஆ குத்பாவைத் தமிழில் ஓதுவது பற்றி நாம் சொன்ன கருத்து, எதிரே அமர்ந்திருந்த இளைஞர் ஒருவருக்கு உவப்பாயில்லை. மறுத்துரைப்பார் என்று காத்திருந்தோம். அவரோ தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சண்டையில்லை, சச்சரவில்லை, நம் பிரியாணிதான் சற்று ஆறிப்போயிற்று.

நாம் பிறந்த தென்கடற்கரையில் அவ்வாறு எழுந்து போக வழியிருந்ததில்லை. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் விருந்தென்றால் சஹன்தான். அகன்ற அத்தட்டில் சோற்றைக் குவித்துக் கறி வைத்து, சுற்றிலும் மூவரோ நால்வரோ அமர்வர். அவரவர் முன்னுள்ளதை அவரவர் உண்ண வேண்டும். உடனுண்பவர் முடிக்குமுன் கையை உதறி எழுவது மரியாதையன்று. அவ்வழக்கம் அங்கே இன்றும் உண்டு. எனினும் தனித்தட்டு மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. நாம் ஓதி முடித்து ஊர் திரும்பிய புதிதில், இதே குத்பா விஷயமாக ஒரு பெரியவர் சஹன் காலியாகும்வரை நம்மை வாட்டி எடுத்தார். "நாலு கிதாபு ஓதிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா, தம்பி?" என்று கேட்டவாறே, நல்ல கறித்துண்டாகப் பார்த்து நம் பக்கம் தள்ளினார். அன்று வாதத்தில் வென்றது யார் என்பது மறந்துவிட்டது. கறியின் சுவை மறக்கவில்லை.

இதன் மூலத்தைத் தேடின் நாயகம் (ஸல்) அவர்களின் உணவு விரிப்புக்கே போகலாம். அன்னை மைமூனா (ரலி) அவர்கள் இல்லத்தில் சுட்ட உடும்பு பரிமாறப்பட்டது. நாயகம் அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் மக்களின் பூமியில் இது இல்லாமையால் மனம் ஒப்பவில்லை என்பதே விடை. காலித் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. பாடம் நடத்தும்போதெல்லாம் உடும்பின் சட்டத்தை விளக்குவதோடு நிறுத்திக்கொண்டோம். அந்த விரிப்பை நாம் விளக்கியதில்லை.

நாம் இப்போது வாழும் காஞ்சியும் இவ்விஷயத்தில் சாமானிய ஊரன்று. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிருந்து ஆண்ட பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன், வடமொழியில் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்றொரு நகை நாடகம் இயற்றினான். 1917-இல் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்தில் அதைப் பதிப்பித்தார். கதை காஞ்சித் தெருவிலேயே நடக்கிறது. குடிபோதையிலுள்ள காபாலிகன் ஒருவன் தன் உண்கலமாகிய கபாலத்தைத் தொலைத்துவிட்டு, வழியே வந்த பௌத்தத் துறவியைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். அத்துறவியோ வணிகர் வீட்டு விருந்துண்டு வருபவர். மதுவையும் மாதரையும் புத்தர் ஏன் அனுமதிக்கவில்லை என்று ஏங்குபவர். நடுவராக வரும் பாசுபதனும் நேர்மையாளன் அல்லன். உண்மையில் கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய். அதில் இறைச்சி இருந்ததே காரணம்! நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற பேச்சு எழும்போது, விகாரத்துச் செல்வத்தால் இவன் அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான் என்று காபாலிகனின் துணைவி சொல்கிறாள். தன் நீதிமன்றம் லஞ்சம் வாங்கும் என்று ஓர் அரசன் தானே எழுதிவைத்தான்! அரசனாயிருந்ததால் தப்பினான் போலும்.

அதே காஞ்சியில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணாவுக்கு அந்த வசதி இருக்கவில்லை. 'ஆரிய மாயை' எழுதியதற்காக 1950-இல் சிறை சென்றார். அவ்வாண்டு சனவரியில்தான் அரசியல் சட்டம் பேச்சுரிமையை வழங்கியிருந்தது. மே மாதத்தில், சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' ஏட்டுக்கு விதித்த தடையை உச்சநீதிமன்றம் நீக்கியது. மறு ஆண்டே முதல் திருத்தம் வந்து, 'பொது ஒழுங்கு' என்ற பெயரில் அவ்வுரிமைக்கு வேலியிட்டது.

அரசை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. நாயகம் அவர்களை இழித்தெழுதிய நூலின் பதிப்பாளரை லாகூர் உயர்நீதிமன்றம் விடுவித்தபோது நம் சமுதாயம் கொதித்தது. அதன் விளைவே 1927-இல் தண்டனைச் சட்டத்தில் நுழைந்த 295-ஏ பிரிவு. அந்தப் புண் மெய்யானது. இன்றும் நமக்கு வலிக்கிறது. ஆயினும் அன்று கேட்டு வாங்கிய பூட்டு, பின்னர் எத்தனையோ பேர் வாயில் தொங்கியது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது வேறோர் எண்ணில் இருக்கிறது.

பரணிலிருந்த பழைய சஹனை இறக்கிப் புளிபோட்டுத் தேய்த்து வைத்திருக்கிறோம். அந்த இளைஞரை வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் உண்ண அழைத்திருக்கிறோம். வருவதாக ஒப்புக்கொண்டார், தமக்குத் தனித்தட்டு உண்டா என்றும் கேட்டார்.