ஜே உடன்படிக்கைக்கு எழுந்த மக்கள் எதிர்ப்பு

ஜே உடன்படிக்கை என்பது ஐக்கிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் 1794 நவம்பர் 19 அன்று இலண்டனில் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆகும். அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ஜே இதைப் பேசி முடித்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. இதற்கு எதிராக 1795-96இல் எழுந்த கிளர்ச்சி, அந்நாட்டின் முதல் அரசியல் கட்சிகள் உருப்பெற முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

பின்னணி

விடுதலைப் போரை முடித்த 1783ஆம் ஆண்டு பாரிசு உடன்படிக்கைப்படி, வடமேற்குக் கோட்டைகளைப் பிரித்தானியர் காலி செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. 1793இல் பிரான்சுடன் போர் மூண்டபின், மேற்கிந்தியத் தீவுகளில் வணிகம் செய்த ஏறத்தாழ 250 அமெரிக்கக் கப்பல்களையும் பிடித்தனர். இன்னொரு போரைத் தாங்கும் நிலையில் நாடு இல்லை என்று கருதிய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன், ஜேயை இலண்டனுக்கு அனுப்பினார்.

மக்கள் ஏன் எதிர்த்தனர்?

1796 ஜூன் 1க்குள் கோட்டைகளை ஒப்படைக்கப் பிரித்தானியா இசைந்தது. கப்பல் இழப்புகளை ஆணையர் குழு தீர்க்கும் என்றும் முடிவானது. மதராசு உள்ளிட்ட கிழக்கிந்தியத் துறைமுகங்களில் வணிகம் செய்யவும் அமெரிக்கர் அனுமதி பெற்றனர். ஆனால் அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துத் தம் கடற்படையில் சேர்க்கும் பிரித்தானியர் வழக்கம் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கு 70 டன்னுக்கு மேற்படாத சிறு கப்பல்களே செல்லலாம் என்றது 12ஆம் பிரிவு. போரின்போது பிரித்தானியருடன் சென்றுவிட்ட அடிமைகளுக்கு இழப்பீடு இல்லாததால் தென்மாநிலப் பண்ணையார்களும் சினந்தனர். விடுதலைப் போரில் உதவிய பிரான்சுக்கு இது துரோகம் என்று பலர் எண்ணினர்.

இரகசியமும் கசிவும்

மேலவை மூடிய கதவுகளுக்குள் விவாதித்து, 12ஆம் பிரிவை நிறுத்திவைத்து, 1795 ஜூன் 24 அன்று 20-10 என்ற கணக்கில் ஒப்புதல் அளித்தது. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குகூட மிகுதி இல்லை. உறுப்பினர் ஸ்டீவன்ஸ் மேசன் தந்த படியைக் கொண்டு, பிலடெல்பியா பத்திரிகையாளர் பெஞ்சமின் பிராங்கிளின் பாச்சே முழு உரையையும் சிறுநூலாக வெளியிட்டார். உள்ளடக்கம் சினமூட்டியது, அதை மறைத்தது அச்சினத்தை இரட்டிப்பாக்கியது.

பல ஊர்களில் ஜேயின் கொடும்பாவிகள் எரிக்கப்பட்டன. பாஸ்டன், பிலடெல்பியா, சார்ல்ஸ்டன் நகரங்களில் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. நியூயார்க்கில் உடன்படிக்கையை ஆதரித்துப் பேச வந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் மீது கற்கள் வீசப்பட்டன. அவரோ பின்வாங்காமல், 'கமில்லஸ்' என்ற புனைபெயரில் ஆதரவுக் கட்டுரைகள் எழுதினார்.

முடிவும் விளைவும்

ஆகஸ்டில் வாஷிங்டன் கையொப்பமிட்டார். எதிர்ப்பாளர்கள் பிரதிநிதிகள் அவையில் நிதியை மறுக்க முயன்றனர். பேச்சுவார்த்தை ஆவணங்களை அவை கேட்டபோது வாஷிங்டன் தர மறுத்தார். இதற்குள் போர் அச்சத்தால் மக்கள் கருத்தும் மாறத் தொடங்கி, ஆதரவு மனுக்கள் குவிந்தன. 1796 ஏப்ரல் 30 அன்று 51-48 என்ற கணக்கில் நிதி நிறைவேறியது.

எதிர்ப்பு தோற்றது, ஆனால் கலைந்துவிடவில்லை. ஜெபர்சன், மேடிசன் ஆகியோரின் குடியரசுக் கட்சியாக அது திரண்டது. ஆதரவாளர்கள் கூட்டாட்சிக் கட்சியின் பக்கம் நின்றனர். தேர்ந்தெடுத்ததோடு மக்களின் பணி முடிந்தது என்ற எண்ணத்தையும் அந்தக் கிளர்ச்சி அசைத்துவிட்டது.