மைசூர் அரண்மனை பேண்டும் கிளாரினெட்டின் மேல் ஸ்தாயிச் சாதகமும்

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் (1894–1940) மைசூர் அரண்மனையில் ஆங்கில பேண்டு, கர்நாடக பேண்டு என இரண்டு குழுக்கள் இருந்தன. முன்னதை ஆட்டோ ஷ்மிட் என்ற ஜெர்மானியர் நடத்தினார். பின்னதோடு இணைந்த பெயர் வீணை வெங்கடகிரியப்பா. கிளாரினெட்டுக்கு இரண்டிலும் இடம் உண்டு. ஆனால் அதன் உச்சச் சுரங்கள் இரு குழுக்களிலும் ஒரே பொருள் பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தென்னாட்டில் இக்கருவியின் வரவு மைசூரோடு தொடங்குவதல்ல. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) மேற்கத்திய வாத்தியக் குழு வைத்திருந்தார். பின்னர் 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் சதிர்க் கச்சேரியில் முகவீணையின் இடத்துக்குக் கிளாரினெட்டைக் கொண்டுவந்தார். மைசூரில் அதற்கு வேறொரு வேலையும் சேர்ந்தது. காற்றுக்கருவி பேண்டுகளில் பொதுவாக வயலின் கிடையாது. ஐரோப்பிய இசைக்கோவைகளை அவற்றுக்கு மாற்றி எழுதும்போது வயலின் வரிகள் கிளாரினெட்டின் தலையில்தான் விழும். ஆகவே ஆங்கில பேண்டுக்காரர் மேலே போயே தீர வேண்டும்.

போவது எளிதல்ல. நாதஸ்வரத்தின் குழல் கூம்பு. மூச்சை இறுக்கினால் அதே விரல்வைப்பில் அடுத்த ஸ்தாயி கிடைக்கும். கிளாரினெட்டின் குழல் பெரும்பாலும் நேர் உருளை. கீழே ஸட்ஜமாக ஒலிக்கும் விரல்வைப்பில் இடது கட்டைவிரல் சாவியை அழுத்தினால் வருவது மேல் ஸட்ஜமல்ல, அடுத்த ஸ்தாயிப் பஞ்சமம். அப்படியே இடது ஆள்காட்டி விரலைத் தூக்கினால் அதற்கும் மேல் ஸ்தாயியின் காந்தாரம். ஒரே பிடியில் ஸ, ப, க! மூன்று ஸ்தாயிக்கும் மூன்று விரல் கணக்கு மனப்பாடமாக வேண்டும்.

இங்கே சுவையான ஒரு முரண் இருக்கிறது. அந்த உச்சக் காந்தாரம் கணக்குப்படி பியானோவின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்ந்தது. நம் தம்புராவில் தானாக எழும் அந்தரகாந்தாரமும் அதுவே. ஆங்கில பேண்டுக்காரர் உதட்டை இறுக்கித் திருத்த வேண்டிய இடத்தில், கர்நாடக இசைக்காரருக்குச் சுருதி கையருகே நிற்கிறது. இருந்தும் அவருக்கே சிரமம் அதிகம். சுரத்தைத் தொட்டுவிட்டால் போதாது, அசைக்கவும் வேண்டும். அந்த உயரத்தில் விரல்கள் தாவித் தாவி மாறுவதால் கமகத்தின் பெரும்பங்கை உதடும் தொண்டையும்தான் சுமக்கின்றன. அகார சாதகம் போல ஒரே சுரத்தில் நீண்ட மூச்சு நிறுத்திப் பழகாமல் இது வாய்க்காது. வேகச் சுரக்கோவைகளை மட்டும் ஓட்டுவது வீண் என்பேன்.

இந்தச் சிக்கலைக் கச்சேரி மேடையில் வென்றவர் திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன். நாதஸ்வரப் பயிற்சி பெற்ற அவருக்கு 2008இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. மைசூர் பேண்டின் பயன் வேறு திசையில் விளைந்தது. அங்கே சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர் நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளையான கத்ரி கோபால்நாத் (1949–2019). சாக்ஸபோனும் கூம்புக் குழல்; ஸ்தாயி மாறினாலும் விரல்வைப்பு ஏறக்குறைய அதுவே. நாதஸ்வர விரலுக்கு அது இசைந்ததில் வியப்பில்லை.

அரண்மனைக் குழுக்கள் பின்னாளில் காவல்துறை பேண்டாகி, இன்றும் தசராவில் வாசிக்கின்றன. அவற்றின் மூத்த கலைஞர்கள் கையாளும் மேல் ஸ்தாயி விரல்வைப்புகளை மைசூரிலேயே உள்ள கங்குபாய் ஹங்கல் இசைப் பல்கலைக்கழகம் ஒலி, ஒளிப் பதிவாகத் தொகுக்க வேண்டும்.