கடற்படைக்கு ஹெலிகாப்டர் விமானிகள்

கோல சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வந்து சேர்ந்த கதையை நாம் அறிவோம். ஆள் கட்டும் கங்காணி ஊருக்குப் போவார், முன்பணம் கொடுப்பார், ஆட்களை அழைத்து வருவார். வந்தவர் பலரை அந்தக் கடன் தோட்டத்தோடு கட்டிவைத்தது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்பத் தடை விதித்ததும் அந்த முறை முடிவுக்கு வந்தது. ஆளைக் கடனால் கட்டிப்போட்டார்கள். ஆனால் அரிய திறமை ஒன்றை அப்படிக் கட்டிப்போட முடியுமா? கடற்படை விமானிகளின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

1948-இல் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. தோட்டத்து மக்கள் முள்வேலிக்குள் வாழ்ந்த காலம் அது. 1953 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படையின் 848-ஆம் அணி, அமெரிக்காவில் செய்த ஹெலிகாப்டர்களுடன் சிங்கப்பூர் செம்பவாங்கில் வந்து இறங்கியது. கோலாலம்பூரிலிருந்தும் அவை பறந்தன. காட்டுக்குள் படைவீரரை இறக்கின; காயம்பட்டோரை மீட்டு வந்தன. 1956 டிசம்பரில் அந்த அணி கலைக்கப்பட்டது.

அந்த வேலை எளிதன்று. நம் நாட்டு வெப்பத்தில் காற்று அடர்த்தி குறைகிறது; அதனால் இயந்திரத்தின் வலிமையும் சுழலும் இறக்கையின் தூக்குதிறனும் குறைகின்றன. எத்தனை பேரை ஏற்றலாம் என்று விமானி கணக்கிட வேண்டும். உயர்ந்த மரங்களுக்கிடையே, கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல், நேராக இறங்க வேண்டும். கடலிலோ, ஆடும் கப்பலின் சிறு தளத்தில் இரவிலும் இறங்க வேண்டும். இந்தக் கைப்பக்குவம் வரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆகவே கடற்படைகள், பயிற்சி கொடுத்தபின் இத்தனை ஆண்டு பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன. ஒப்பந்தம் முடியும்போது விமானி குடும்பஸ்தராகி இருப்பார், திறமையும் முதிர்ந்திருக்கும். அவ்வேளையில்தான் கடலில் எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள் நல்ல சம்பளம் காட்டி அழைக்கின்றன. படையிலோ, பதவி உயர உயரப் பறத்தல் குறைந்து மேசைவேலை கூடுகிறது. இது பழைய சிக்கலே. பிரிட்டிஷ் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்ற ஆலன் பிரிஸ்டோ 1946-இல் விலகினார். 1955-இல் தம் பெயரிலேயே ஹெலிகாப்டர் நிறுவனம் தொடங்கி, எண்ணெய் நிறுவனங்களுக்குச் சேவை செய்தார். அனுபவசாலி ஒருவர் விலகினால், இளையவருக்குக் கற்றுத்தரும் ஆசிரியரும் கூடவே போய்விடுகிறார்.

மலேசியக் கடற்படை 1988-இல் பிரிட்டனிடமிருந்து வாஸ்ப் ஹெலிகாப்டர்களைப் பெற்றது. 2003-இல் சூப்பர் லிங்ஸ் வந்தது. பணம் இருந்தால் இயந்திரம் வரும். ஆனால் 2024 ஏப்ரல் 23-ஆம் நாள், கடற்படையின் 90-ஆம் ஆண்டு விழா ஒத்திகையின்போது, லூமுட்டில் இரு ஹெலிகாப்டர்கள் மோதிப் பத்துப் பேர் மாண்டனர். தமிழ்ப் பெயர் தாங்கிய இளம் அதிகாரி ஒருவரும் அவர்களுள் அடங்குவார். இயந்திரங்களுக்கு ஈடு வாங்கலாம். அந்தப் பத்துப் பேரின் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் எந்தச் சந்தையில் ஈடு கிடைக்கும்?

தமிழ்நாட்டு அரக்கோணத்தில் 1992-இல் திறக்கப்பட்ட ராஜாளித் தளத்தில் இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி உள்ளது. 2024 ஜூனில் அங்கு தேறிய 21 அதிகாரிகளுள் ஒருவர், அக்கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி. ஆள் தேவைப்படும்போது வாசலை அகலத் திறப்பது நல்ல வழி என்பதை இது காட்டுகிறது.

வந்தவர் நிலைத்திருக்க, பறக்க வாய்ப்பு, குடும்பத்துக்கு நல்ல வீடு, திறமைக்கேற்ற உயர்வு ஆகிய மூன்றும் வேண்டும். ஒப்பந்தத்தின் கட்டு சில ஆண்டுக்குத்தான். கடனால் கட்டிய கைகளை நம் தாத்தா பாட்டிகள் அறிவார்கள். கட்டு அவிழ்ந்த அன்று அந்தக் கைகள் எங்கே போக விரும்பின என்பதையும் அறிவார்கள். நாளை நம் பிள்ளைகளுள் ஒருவர் கணிதமும் பௌதிகமும் கற்று அந்தச் சீருடையை அணியும்போது, அவர் விரும்பியே அங்கு நிலைத்திருக்கட்டும்.