இரண்டாவது மாம்பழம்

மாப்பிள்ளைக்கு ஊர் நாகப்பட்டினம். குடித்தனம் வைத்ததோ காரைக்காலில். இருபது கிலோமீட்டர் தூரம்கூட ஒரே மகளைப் பிரிந்திருக்க வணிகர் தனதத்தனுக்கு மனமில்லை. புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் உள்ளூரிலேயே வீடு அமைத்துக் கொடுத்தார். கடையில் இருந்த பரமதத்தனிடம் ஒருநாள் யாரோ இரண்டு மாம்பழங்களைக் கொடுக்க, அவர் அவற்றை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆன புனிதவதியின் கதை இந்த இரண்டு பழங்களில்தான் திரும்புகிறது.

பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு தயார், கறியமுது இன்னும் ஆகவில்லை. புனிதவதி ஒரு பழத்தைச் சோற்றோடு பரிமாறிவிட்டார். நண்பகலில் கணவர் உண்ண வந்தபோது மிஞ்சிய பழத்தை இலையில் வைத்தார். ருசி பிடித்துப்போக, மற்றதையும் கொண்டுவரச் சொன்னார் பரமதத்தன். உள்ளே போய் இறைவனை வேண்டி நின்ற புனிதவதியின் கையில் ஒரு கனி வந்தது. அதைத் தின்ற கணவர், இது முன்னதைப் போன்றதல்ல, மூன்று உலகிலும் கிடைக்காதது, எங்கே பெற்றாய் என்று கேட்டார்.

பக்தியில்லாதவர் கேட்ட கேள்வி என்று இதைச் சிலர் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கேட்டவர் வணிகர். சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவர் தொழில். அந்தக் காலத்து மாம்பழத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும். கோவாவில் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பிய பிறகுதான் ஒரே ருசியுள்ள பழத்தை ஊர் ஊராக விளைவிக்க முடிந்தது. அதற்கு முன் கொட்டை போட்டு முளைத்த நாட்டு மரங்கள்தான் எங்கும். அவை பெரும்பாலும் மரத்துக்கு மரம் ருசி மாறும். சேர்ந்து வந்த இரண்டு பழங்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இனித்தால், அது வேறு மரத்துப் பழம் என்று பரமதத்தனின் நாக்கு சொல்லியிருக்கும். சரியாகத்தான் சொன்னது.

நடந்ததை மனைவி சொன்னார். அப்படியானால் இன்னொன்று வரவழை என்றார் கணவர். வந்தது, அவர் கையில் வாங்கியதும் மறைந்தது. பயந்துபோனவர் கப்பல் கட்டிக் கடல் வாணிபத்துக்குப் புறப்பட்டார். பிறகு பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டார். உறவினர் அம்மையாரை அங்கே அழைத்துப் போனபோது, பரமதத்தன் குடும்பத்தோடு அவர் காலில் விழுந்தார். அம்மையார் தன் உடம்பின் தசையை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார். ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய அற்புதத் திருவந்தாதியின் 101 பாடல்களில் மாம்பழக் கதை இல்லை. அவருடைய பாட்டில் இருப்பது சிவனும் பேயும் சுடுகாடும்.

பரமதத்தன் கப்பலேறிய இந்தக் கரையைப் பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள்; 1739 முதல் 1954 வரை காரைக்கால் பெரும்பாலும் அவர்கள் கையில். பிரெஞ்சுக் கப்பல்களில் மாமரமும் பயணம் போனது. 1782இல் மொரீஷியஸிலிருந்து கரீபியன் தீவுக்கு மாங்கன்றுகளோடு சென்ற ஒரு பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயர் மறித்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். கன்றுகளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும் இருந்தது. ஜமைக்காவில் இன்றும் ஒரு மாம்பழத்துக்குப் பெயர் ‘நம்பர் லெவன்’. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போன தமிழர்கள் இறங்கிய இடத்தில் பலவும் புதிது, மாமரம் புதிதல்ல.

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம் என்று அசல் கல்யாண வீடாகவே ஊர் மாறிவிடும். அப்புறம் பவளக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் வீதிவலம் வருவார். மாடிகளிலிருந்தும் தெருவோரத்திலிருந்தும் மாம்பழங்கள் பறக்கும். இதற்கு ‘மாங்கனி இறைத்தல்’ என்று பெயர். மரம் மரமாக ருசி மாறிய காலம் போய்விட்டது. பங்கனபள்ளி ஓயும் பருவம், நீலம் வரத்து ஏறும் பருவம். விழும் பழம் எதுவானாலும் கூட்டம் கை நீட்டும். அடிபடாமல் பிடிப்பதற்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும்.

கைக்குக் கிடைத்த பழத்தைப் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். குழந்தை வரம் வேண்டுவோர் அதை உண்டால் பலிக்கும் என்பது நம்பிக்கை. இல்லறத்தையும் அழகையும் உதறிவிட்டுப் போன ஒரு பெண்ணின் விழாவில் இப்படியொரு வேண்டுதல் சேர்ந்தது விசித்திரம்தான். பழம் பிடிக்க வரும் தம்பதிகளுக்கு அது உறுத்துவதாகத் தெரியவில்லை.