காத்தூன் முதல் பேகம் வரை

மனிதரைப்போலவே சொற்களும் உயர்வு தாழ்வு எய்துகின்றன. பெண்பாலாரை மதிப்புடன் அழைக்கப் பாரசீகரும் துருக்கியரும் வழங்கிய பட்டங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பாரசீகருக்கே உரிய தொன்மையான சொல் 'பானு' என்பது. தலைவி, சீமாட்டி என்பன அதன் பொருள். அரசியைக் குறித்த 'பான்பிஷ்ன்' என்பது அதற்கு உறவான பழஞ்சொல். கி. பி. 3ஆம் நூற்றாண்டில் சாசானிய மன்னன் முதலாம் ஷாப்பூர், நக்ஷ்-இ-ரொஸ்தம் என்னுமிடத்தில் பொறிப்பித்த கல்வெட்டிலே, ஆதுர் அனாகித் என்னும் அரசகுலப் பெண் 'அரசியர்க்கு அரசி' எனப் போற்றப்படுகின்றாள்.

துருக்கியர் வழங்கிய பட்டம் 'காத்தூன்' என்பது. அதனை அவர்கள் சொக்தியரிடமிருந்து பெற்றனர் என்பது அறிஞர் பலரின் கருத்து. மொங்கோலியாவின் ஓர்க்கோன் பள்ளத்தாக்கில் 732ஆம் ஆண்டு நாட்டப்பெற்ற கல்வெட்டிலே, பில்கே என்னும் பேரரசன் தன் பெற்றோரை நினைவுகூர்கின்றான். வானம் தந்தையை மட்டுமன்றி, எல்பில்கே காத்தூன் என்னும் தாயையும் சேர்த்தே உயர்த்தியது என்கின்றான். அக்காலத்தில் காத்தூன் என்பது வெறும் அலங்காரப் பெயரன்று. ஆட்சியிற் பங்குடையவளின் பட்டமாகும். மொங்கோலியப் பேரரசன் ஒகதாய் 1241இல் இறந்தபின், தொரகனே காத்தூன் 1246 வரை பேரரசையே நிருவகித்தாள். துருக்கியரும் தாத்தாரியரும் பெண்டிரை மிக மதித்தனர் என்றும், அரச ஆணைகள் சுல்தான் பெயராலும் காத்தூன்மார் பெயராலும் பிறந்தன என்றும் 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பத்தூத்தா எழுதியுள்ளார்.

'கான்' என்ற ஆண்பாற் பட்டத்திலிருந்து 'கானும்' என்பதும், 'பெக்' என்பதிலிருந்து 'பேகம்' என்பதும் தோன்றின. மொகலாயர் வழியே அவை இந்தியாவிலும் பரவின. 1631இல் மறைந்த மும்தாஜ் மகாலின் இயற்பெயர் அர்ஜுமந்த் பானு பேகம். பாரசீகப் பட்டமும் துருக்கியப் பட்டமும் அந்த ஒரு பெயரிலே கைகோத்து நிற்கின்றன.

காலப்போக்கில் பட்டங்கள் அரண்மனையை விட்டு வீதிக்கு வந்தன. துருக்கியில் காத்தூன் 'கதின்' எனத் திரிந்து, பெண் என்ற பொதுப்பொருளை அடைந்தது. துருக்கிக் குடியரசு 1934ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பழம்பட்டங்களை நீக்கியபோது, 'கானும்' என்பதன் துருக்கி வடிவமான 'ஹனிம்' என்பதும் அவற்றுள் அடங்கியது. ஆயினும், பெண்ணின் பெயருக்குப்பின் அதனைச் சேர்த்தழைக்கும் வழக்கம் அங்கு இன்றும் மறையவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம் இல்லங்களிலோ பானுவும் பேகமும் அன்னையர் புதல்வியர் பெயர்களிலே வாழ்கின்றன.

அரசு அளித்த பட்டத்தை அரசே பறித்தல் கூடும். மக்கள் நாவிலே நிலைத்துவிட்ட மரியாதையைப் பறித்தல் எளிதன்று.