வெள்ளி தீர்ந்த லைடன்

ஆரஞ்சு இளவரசர் வில்லியம் அணைகளை உடைக்கத் துணிந்த 1574 ஆகஸ்டு மாதத்திற்கு இவ்வாரம் வாசகர்களை அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தேன். எனினும், நெதர்லாந்தின் லைடன் நகரத்தார் காகிதத்தில் நாணயம் அடித்த வரலாற்றைச் சொல்லாமல் அவ்வெள்ளத்துள் இறங்க மனம் ஒப்பவில்லை.

ஸ்பானியத் தளபதி வால்டெஸின் சேனை 1573 அக்டோபரில் நகரைச் சூழ்ந்தபின், வெளியிலிருந்து குன்றிமணி வெள்ளியும் உள்ளே வர வழியில்லை. நகரத்துள் கொடுக்கல் வாங்கலோ நின்றுவிடக் கூடாது. அந்த இக்கட்டில் நகர சபையார், கத்தோலிக்கப் பூசைப் புத்தகங்களின் ஏடுகளைக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கனத்த அட்டையாக்கி, வட்டமாக வெட்டி, வெள்ளியை அடிப்பது போலவே அச்சுக்களிடையே வைத்து அடித்தார்கள். சிங்கம் பொறித்த அவ்வில்லைகளையே ஐரோப்பாவின் முதல் காகிதப் பணமென்று பலரும் கொள்கின்றனர்.

வெள்ளிக்குத் தனக்கென ஒரு விலையுண்டு. உருக்கினாலும் அது போகாது. அட்டைக்கோ, நகரம் வீழ்ந்த மறுகணமே மதிப்பில்லை. அதைக் கைநீட்டி வாங்கிய ஒவ்வொரு ரொட்டிக்கடைக்காரனும், நகரம் நிலைக்கும் என்ற நம்பிக்கையின்மேல் தன் பொருளைப் பணயம் வைத்தவனாகிறான். பசித்த ஜனங்களுக்குத் தம் கையையே வெட்டித் தருவதாகச் சொன்னாராம் நகரத் தலைவர் வான் டெர் வெர்ஃப். அதை ஓவியமாகத் தீட்டியும் போற்றுகிறார்கள். எனக்கு அந்த ரொட்டிக்கடைக்காரனே பெரிய வீரன்.

'இது சுதந்திரத்தின் பொருட்டு' என்று அந்நாணயத்தில் இலத்தீனில் பொறித்திருந்தார்கள். யுத்தம் சமயத்தின் பொருட்டன்றோ என்று கால்வினியப் போதகர் ஒருவர் பிரசங்க மேடையிலிருந்தே சபையாரைக் கடிந்துகொள்ள, நகரக் காரியதரிசியும் கவிஞருமான யான் வான் ஹௌட் கைத்துப்பாக்கியை உருவி, அவரைச் சுட்டு வீழ்த்தட்டுமா என்று அருகிலிருந்த வான் டெர் வெர்ஃபைக் கேட்டாராம். தலைவர்தாம் அவரை அடக்கினார் என்பது வழிவழி வந்த செய்தி. தேவாலயத்துள் ஆயுதம் எடுத்தது அடாத செயலே. ஆயினும் நியாயம் வான் ஹௌட்டின் பக்கமே இருந்ததென்பேன். அந்த மதிலுக்குள் கத்தோலிக்கரும் இருந்தனர். அதே பட்டினியை அவர்களும் சுமந்தனர். சமயத்தின் பொருட்டு என்று பொறித்திருந்தால், தம் பூசைப் புத்தகங்களிலிருந்து பிறந்த நாணயமே அவர்களை அந்நியராக்கியிருக்கும்.

1574 மார்ச்சில் முற்றுகை விலகிற்று. அந்த இடைவேளையில் களஞ்சியங்களை நிரப்பிக்கொள்ளாத அசட்டையை மன்னிக்க இயலாது. மே மாதம் வால்டெஸ் திரும்பி வந்தான். அணைகள் உடைந்ததும், அக்டோபர் 3-ல் மீட்புப் படைத் தலைவர் புவாசோவின் படகுகள் நகருள் நுழைந்ததும் அடுத்த இதழில்.